குச்சி தெறித்தால் வயரைத் தொடாதீர்கள்

வீட்டில் செய்த காந்தக் கலக்கி சண்டித்தனம் பண்ணத் தொடங்கினால் எல்லோருடைய கையும் முதலில் போவது வயர் பக்கந்தான். சோல்டரிங் அயனைச் சூடாக்கி, இருந்த இணைப்பையெல்லாம் கழற்றித் திரும்ப ஒட்டிவிட்டுப் பார்த்தால் குச்சி பழையபடி தெறித்துக்கொண்டே இருக்கும். என்னுடைய கலக்கியையும் வெள்ளவத்தையில் தெரிந்தவர்கள் சிலருடையதையும் பிரித்துப் பார்த்த அளவில் சொல்கிறேன்: பெரும்பாலும் குற்றம் வயரில் இருப்பதில்லை. காந்தத்துக்கும் குச்சிக்கும் நடுவிலுள்ள சில மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும். இல்லாவிட்டால் போத்தலின் அடியில் இருக்கும்.

காந்தக் கலக்கியைப் பள்ளிக்கூட இரசாயன ஆய்வுகூடத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரு பெட்டி, மேலே தட்டையான மூடி, அதன்மேல் ஒரு கூம்புக்குடுவை, குடுவைக்குள் வெள்ளை டெஃப்லான் பூசிய சின்னக் காந்தக் குச்சி. பெட்டிக்குள்ளே வேறொரு காந்தம் சுற்ற, குச்சியும் அதோடு சேர்ந்து சுற்றும். வீட்டில் பியர் காய்ச்சும் பழக்கமுள்ள நாடுகளில் பழைய கணினி விசிறியும் ஹார்ட் டிஸ்க் காந்தமும் வைத்து ஆளாளுக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். பியரில் போடும் ஈஸ்ட்டை முன்கூட்டியே பெருக்கிக்கொள்ளத்தான் அது. அதற்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். எனக்கு இந்தச் சங்கதியைச் சொன்னது ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவின் மகன். அவன் அங்கே தன் பாவனைக்குத் தானே காய்ச்சுகிறான், கேட்க ஆளில்லை. இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது உற்பத்தி செய்வது குற்றம். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. ஆகவே இது பியர் சங்கதி இல்லை, அப்பச் சங்கதி.

அப்ப மாவைப் புளிக்க வைக்க முன்பு கள்ளுத்தான் ஊற்றினார்கள். கொழும்பில் மாடிவீட்டுக்குள் இருந்துகொண்டு நல்ல கள்ளுக்கு எங்கே போவது? வாதுவை, களுத்துறைப் பக்கம் போய்வரும் ஆட்களிடம் சொல்லி வைத்தால் தவறணையிலிருந்து ஒரு போத்தல் வரும். அதன் அடியில் தங்கும் மண்டிதான் நமக்கு வேண்டியது. ஈஸ்ட் உயிரோடு இருப்பது அதில்தான். பாஸ்டரைஸ் செய்து அடைத்து விற்கும் போத்தல் கள்ளில் உயிர் இருக்காது, அதை வாங்கிப் பிரயோசனமில்லை. மண்டி போட்ட அப்பத்தின் வாசம் பைக்கற் ஈஸ்ட் போட்டதில் வராது என்பது எங்கள் வீட்டுக் கட்சி. மறுகட்சியும் உண்டு, அவர்கள் பைக்கற் ஈஸ்ட்டோடு சந்தோஷமாக இருக்கட்டும். பைக்கற்றில் வரும் காய்ந்த ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ட்டரும் வேண்டாம், கலக்கியும் வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து நேரே மாவில் விடலாம். கொஞ்சமாக இருப்பதைப் பெருக்க வேண்டும், சோர்ந்து கிடப்பதை எழுப்ப வேண்டும் என்றால்தான் கலக்கிக்கு வேலை.

ஏன் கலக்க வேண்டும்? ஈஸ்ட் அடியில் போய்ப் படுத்துவிட்டால் மேலேயுள்ள சீனி அதற்கு எட்டாது. கலக்கினால் ஈஸ்ட் மிதந்தபடி இருக்கும், கரைந்து நிற்கும் காபனீரொட்சைட்டு வெளியேறும், மேற்பரப்பு புரண்டுகொண்டே இருப்பதால் ஒட்சிசன் உள்ளே போகும். அந்த ஒட்சிசனைக் கொண்டுதான் ஈஸ்ட் தன் கலமென்சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப் பொருட்களைச் செய்துகொள்கிறது. சவ்வு நன்றாக இருந்தால்தான் ஒன்று இரண்டாகும். இதற்கெல்லாம் குடுவைக்குள் புயல் அடிக்கத் தேவையில்லை. மேற்பரப்பில் ஒரு சின்னக் குழி விழுந்து நின்றால் தாராளம். அடிமட்டும் இறங்கும் சுழியைக் காட்டிப் படம் எடுத்து அனுப்புகிறவர்களின் குச்சிதான் அடிக்கடி தெறிக்கிறது.

எங்கள் வீட்டுக் கலக்கியைச் செய்தது அக்காவின் மகன். உயர்தரம் படிக்கிற காலத்தில் செய்தான். பிறகு மொரட்டுவைக்குப் படிக்கப் போய்விட்டான். பெட்டியும் அதன் வியாதிகளும் என்னிடம் மிஞ்சின.

பாகங்கள் ஒன்றும் அபூர்வமில்லை. 12 வோல்ற் கணினி விசிறி, 80 மில்லிமீற்றரோ 120 மில்லிமீற்றரோ எதுவானாலும் சரி. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினி திருத்துகிறவர்களிடம் கேட்டால் செத்த ஹார்ட் டிஸ்க் கிடைக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், தடை, வொலியூம் குமிழ் எல்லாம் வாங்கலாம். பழைய ரவுட்டரின் 12 வோல்ற் அடப்டர் ஒன்று எந்த வீட்டு லாச்சியிலும் இருக்கும். காந்தக் குச்சியை மட்டும் ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடையில் காசு கொடுத்து வாங்குங்கள். ஆணியை வெட்டி ஸ்ட்ரோவுக்குள் அடைத்து ஒட்டுகிற வித்தைகள் இருக்கின்றன. ஒட்டின இடம் கசிந்தால் துரு அப்ப மாவுக்குத்தான் போகும்.

ஹார்ட் டிஸ்க்கைத் திறக்க நட்சத்திரத் தலை ஸ்குரூ டிரைவர் வேண்டும். உள்ளே வளைந்த வடிவில் நியோடிமியம் காந்தங்கள் இரும்புத் தகட்டோடு ஒட்டியபடி இருக்கும். தகட்டை இரண்டு குறட்டால் பிடித்து மெல்ல வளைத்தால் காந்தம் கழன்று வரும். கத்தியை நுழைத்து நெம்பினால் சில்லுச் சில்லாக உடையும், அந்தச் சில்லு கண்ணாடி மாதிரி வெட்டும். இரண்டு காந்தங்கள் ஒன்றையொன்று பாய்ந்து பிடிக்கும்போது நடுவில் விரல் தோல் அகப்பட்டால் இரத்தம் கட்டிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

இனி இடைவெளிக் கதைக்கு வருவோம்.

கலக்கியின் ஆகப் பெரிய வியாதி குச்சி தெறிப்பது. சுற்றிக்கொண்டிருந்த குச்சி திடீரென்று ஓரத்துக்குப் போய்க் கண்ணாடியில் டக்டக்கென்று அடித்துக்கொண்டு நிற்கும். கீழே விசிறி ஒன்றும் நடக்காதது போலச் சுற்றிக்கொண்டிருக்கும். விசிறி சுற்றுகிறதென்றால் மின்சாரப் பக்கம் சரி என்றுதானே அர்த்தம்? ஆனாலும் மனிதர்கள் வயரைத்தான் பிரிப்பார்கள். ரொறன்ரோத் தம்பியிடம் முதல் முறை இதைச் சொன்னபோது அவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, என்ன போத்தல் வச்சிருக்கிறீங்கள்?"

"ஜாம் போத்தல்."

"அதின்ர அடியை ஒருக்காத் தடவிப் பாருங்கோ."

ஜாம் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், சோஸ் போத்தல் எல்லாவற்றுக்கும் அடிப்பக்கம் நடுவில் மேல்நோக்கிக் குவிந்திருக்கும். மேசையில் ஆடாமல் நிற்கட்டும் என்று அப்படி வார்க்கிறார்கள். குச்சி அந்தக் குவிவின் உச்சியில் நின்று சுற்றப் பார்க்கும், கொஞ்சம் வேகம் கூடியதும் சரிந்து ஓரத்துக்கு ஓடும். அத்தோடு நடுவில் கண்ணாடி தடிப்பாகவும் இருப்பதால் காந்தப் பிடியும் குறைகிறது. போத்தலுக்குள் அரை அங்குலம் தண்ணீர் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் தண்ணீர் மெல்லிசாகத் தெரிந்தால் அந்தப் போத்தல் இதற்கு உதவாது. தட்டையான அடியுள்ள கூம்புக்குடுவை ஒன்று வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். சூடு தாங்கும் பொரோசிலிக்கேற் கண்ணாடியாகப் பார்த்து வாங்கினால் கரைசலை அதிலேயே கொதிக்க வைக்கலாம்.

குடுவை நல்லது, அப்படியும் தெறிக்கிறது என்றால் அடுத்தது உயரம். குடுவையை எடுத்துவிட்டுக் குச்சியை மூடியின்மேல் வெறுமனே வைத்து விசிறியை ஓட விடுங்கள். வெறும் மூடியில் ஒழுங்காகச் சுற்றி, குடுவைக்குள் போனதும் தெறித்தால் காந்தம் ஆழத்தில் கிடக்கிறது. காந்தத்தின் தலையிலிருந்து குச்சி மட்டும், மூடியும் கண்ணாடியும் சேர்த்து, 8 மில்லிமீற்றருக்குள் இருக்கப் பார்ப்பேன். விசிறியின் நாலு மூலை ஆணிகளிலும் வாஷர் போட்டு உயர்த்தலாம், அல்லது மூடியை மெல்லிசாக்கலாம். எங்கள் பெட்டியின் மூடி முதலில் பிளைவுட். அதை 3 மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸாக, அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடாக மாற்றினோம். கீழே காந்தம் எப்படிச் சுற்றுகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது என்பது பேர்ஸ்பெக்ஸில் கிடைத்த உபரி இலாபம். ஆனால் கொதித்த குடுவையைச் சூட்டோடு அதன்மேல் வைத்தால் இளகி வளைந்துவிடும்.

அளவுக்கு மீறிக் கிட்டப் போவதும் கெடுதல். காந்தம் குச்சியை அடியோடு அமுக்கிப் பிடிக்கும், உராய்வு கூடும், விசிறி புறப்படவே திணறும். அப்போது ஒரு வாஷரைக் கழற்ற வேண்டியதுதான். இதில் கணக்குப் போட்டு இன்ன அளவு என்று சொல்ல முடியாது, காந்தத்துக்குக் காந்தம் வித்தியாசப்படும்.

மூன்றாவது, முனைவுகள். ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே முகத்தில் ஒரு பாதி வடமுனைவு, மறுபாதி தென்முனைவு. கலக்கிக்கு வேண்டியது அதுவேதான், ஏனென்றால் குச்சிக்கும் ஒரு நுனி வடக்கு, மறு நுனி தெற்கு. ஆகவே ஒற்றைக் காந்தமே போதும். ஆனால் காந்தத்தின் வடிவத்தை வைத்து நடுவைக் குறித்தால் சரிவராது, இரண்டு பாதியும் சந்திக்கும் கோடுதான் நடு. அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு கடதாசியை மேலே வைத்து இரும்புத்தூள் தூவினால் கோடு தெளிவாக விழும். தூள் இல்லையா, குச்சியையே காந்தத்தின்மேல் கடதாசி வைத்து விட்டுப் பாருங்கள். கோட்டுக்குக் குறுக்கே தானாகப் போய்ப் படுக்கும். குச்சியின் நடு எங்கே நிற்கிறதோ அந்தப் புள்ளியைப் பேனையால் குறியுங்கள். அந்தப் புள்ளிதான் விசிறியின் அச்சுக்கு நேரே வர வேண்டும்.

வட்டக் காந்தங்கள் இரண்டை வைத்துச் செய்கிறவர்கள் ஒன்றின் வடக்கையும் மற்றதின் தெற்கையும் மேலே பார்க்க ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே முகமாக இருந்தால் குச்சி நடுவில் நிற்காது, எங்கேயாவது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் குச்சியின் நீளத்தை ஒட்டி இருக்க வேண்டும். 25 மில்லிமீற்றர் குச்சியை வைத்துக்கொண்டு காந்தங்களை 50 மில்லிமீற்றர் தள்ளி ஒட்டினால் பிடி இருக்காது.

சரி, இனி விசிறி. காந்தம் ஒட்டும் முன்பு நன்றாக ஓடிய விசிறி, ஒட்டின பிறகு உறுமிக்கொண்டு நிற்கும், விரலால் தட்டினால்தான் புறப்படும். அல்லது அரைச் சுற்றுப் போய் ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும். விசிறியின் குடத்துக்குள், அதாவது இறகுகள் முளைக்கிற அந்த நடு உருளைக்குள், வளையமாக ஒரு காந்தமும் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கிற ஹோல் சென்சரும் இருக்கின்றன. மேலே நாம் ஒட்டும் நியோடிமியம் உள்ளேயுள்ள காந்தத்தைவிட எவ்வளவோ பலமானது. சென்சர் குழம்பிப்போகும். இதற்கு மருந்து ஒரு பெரிய இரும்பு வாஷர். குடத்தின்மேல் முதலில் வாஷர், அதன்மேல் காந்தம். கீழ்நோக்கிப் போகும் காந்தப்புலத்தை வாஷர் தன் வழியே திருப்பிவிடும், மேல்பக்கப் பிடியும் கொஞ்சம் கூடும். வாஷர் துருப்பிடிக்காத உருக்காக இருக்கக்கூடாது. அதில் பல வகைகளைக் காந்தம் சட்டை செய்வதில்லை, போட்டும் போடாதது போலத்தான்.

வாஷர் வாங்கப் புறக்கோட்டையில் ஆணிக்கடை நானாவிடம் போய்க் காந்தத்தை நீட்டி, "நானா, இதில் நல்லா ஒட்டுற வாஷராப் பாத்துத் தாங்க" என்றேன். "ஒட்டாத வாஷரத்தான் எல்லாரும் தேடி வாறது, விலையும் கூட. நீங்க என்ன தம்பி?" என்று சிரித்துக்கொண்டே மலிவான நாகம் பூசிய வாஷரைக் கைநிறைய அள்ளிக் கொடுத்தார்.

இதே இனத்தில் இன்னொரு வியாதி பெட்டியால் வருகிறது. பிஸ்கட் தகரம் பார்க்க அழகுதான், அளவும் சரிதான். ஆனால் அது இரும்புத் தகடு. அதன் மூடிக்குக் கீழே காந்தம் சுற்றினால் புலத்தில் பெரும்பங்கைத் தகடே விழுங்கிவிடும், மூடி உள்நோக்கி இழுபட்டு அதிரும். அப்படியானால் அலுமினியம் போடலாமே, அது காந்தத்தில் ஒட்டாதே என்று கேட்பீர்கள். மேல் மாடியிலுள்ள ஓர் அக்காவின் கலக்கி அப்படித்தான் இருந்தது. விசிறி நல்லது, அடப்டர் நல்லது, காந்தமும் நடுவில், ஆனாலும் வேகம் ஏறவேயில்லை. காந்தம் அலுமினியத் தகட்டின் கீழ் விரைவாகச் சுற்றும்போது தகட்டுக்குள் சுழி மின்னோட்டம் பிறந்து காந்தத்தைப் பின்னுக்கு இழுக்கும். ரயில்களில் பிரேக்காகப் பாவிக்கும் அதே விதிதான். கண்டுபிடிப்பது சுலபம்: கரண்டைக் கழற்றிவிட்டு விசிறியை விரலால் சுண்டுங்கள், எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பாருங்கள். பிறகு மூடியைப் போட்டு, கீழ்ப்பக்கமாகக் கை விட்டு அதே மாதிரிச் சுண்டிப் பாருங்கள். மூடியோடு சட்டென்று நின்றுவிட்டால் குற்றவாளி மூடி. மரம், பேர்ஸ்பெக்ஸ், பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, இவற்றில் எதுவும் நல்லது.

ஒட்டுவதற்கு அரல்டைட் மாதிரியான இரண்டு குழாய்ப் பசைதான் நிற்கும். குடத்தின் ஸ்டிக்கரை உரித்து, அரத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். குளூ கன் பசை இந்த ஊர் வெக்கைக்கும் விசிறியின் சூட்டுக்கும் இளகி, காந்தம் மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகரும். பெட்டி மேசையில் நடந்து போகத் தொடங்கினால் அதற்கு இதுதான் காரணம். கடைசியாக ஒட்டுமுன் இரட்டைப்பக்க டேப்பில் வைத்து ஓட்டி, அதிர்வு குறையும் இடத்தை வளைத்து வளைத்துத் தேடுவது நல்லது. இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், ஒரு பின்னேரம் முழுக்கப் போகலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மின்சாரம்.

விசிறி வேகத்தைக் குறைக்கச் சிலர் வொலியூம் குமிழை நேரே விசிறியோடு தொடராகப் போடுகிறார்கள். றேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்னக் குமிழ் கால் வாற், அரை வாற் தாங்குவதே பெரிய காரியம். சில நாள் ஓடும், பிறகு கருகின மணம் வரும். எல்எம் 317 ரெகுலேட்டர் மலிவு, அதைப் போடுங்கள். அதில் அடிக்கடி நடக்கும் பிழை கால் வரிசை. எழுத்து அடித்த முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து வலமாகச் சரிசெய் கால், வெளியீடு, உள்ளீடு. 7805 என்ற மற்ற ரெகுலேட்டரைப் போட்டுப் பழகின கைக்கு உள்ளீடு இடப்பக்கம் என்றுதான் வரும். இன்னொன்று, இதன் உலோக முதுகு வெளியீட்டோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. அது வேறு உலோகத்தில் பட்டு அந்த உலோகம் மறை முனையோடு சேர்ந்திருந்தால் குறுஞ்சுற்றுத்தான்.

குமிழைத் திருப்பினால் முதல் மூன்றிலொரு பங்கிலேயே வேகம் முழுவதும் ஏறி முடிந்து, மீதிக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் பெரிய குமிழைப் போட்டிருக்கிறீர்கள். வெளியீட்டுக்கும் சரிசெய் காலுக்கும் நடுவில் 240 ஓம், சரிசெய் காலிலிருந்து மறை முனைக்கு 5 கிலோ ஓம் குமிழ் என்றுதான் பல படங்களில் இருக்கிறது. கணக்கு இதுதான்: வெளியீட்டு வோல்ற்றளவு, 1.25 ஐ, ஒன்றோடு இரண்டு தடைகளின் விகிதத்தைக் கூட்டி வருவதால் பெருக்கியது. 5 கிலோ ஓமுக்கு அது 27 வோல்ற்றுக்கு மேல் போகும். நம்மிடம் இருப்பதோ 12. அதிலும் ரெகுலேட்டர் தனக்கு 2 வோல்ற் அளவில் எடுத்துக்கொள்ளும், விசிறிக்குக் கிடைப்பது 10 தான். நான் 5 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு 680 ஓம் நிலைத்தடையும் 1 கிலோ ஓம் குமிழும் தொடராகப் போட்டேன். இப்போது குமிழின் இந்த முனையில் 4.8 வோல்ற், அந்த முனையில் 10 வோல்ற். முழுத் திருப்பும் பிரயோசனப்படுகிறது.

அந்த 680 ஓமுக்கு வேறொரு காரணமும் உண்டு, அது இந்த நாட்டுக்கே உரியது. ஓடிக்கொண்டிருக்கும் விசிறியை 4 வோல்ற் வரைக்கும் இறக்கினாலும் சுற்றும். ஆனால் நின்ற விசிறி புறப்பட அதைவிடக் கூட வேண்டும். நீங்கள் நடுச்சாமத்தில் குமிழை நன்றாகக் குறைத்துவிட்டுப் படுக்கிறீர்கள். கரண்ட் போய்த் திரும்பி வருகிறது. விசிறி புறப்படாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. காலையில் பார்த்தால் ஈஸ்ட் எல்லாம் அடியில். 2022 இல் மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினார்கள், அப்போது இப்படி எதையும் நம்பி வைக்க வழியில்லை. அட்டவணை போட்டு வெட்டாத காலத்திலும் நிச்சயமில்லை, 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டதாக அமைச்சரே சொன்னார். குரங்குக்கும் சேர்த்துத்தான் சுற்று வடிவமைக்க வேண்டும். ஆகக் குறைந்த நிலையில் குமிழை வைத்து, பிளக்கைக் கழற்றி மாட்டுங்கள். தானாகப் புறப்படாவிட்டால் 680 ஐ 820 ஆக்குங்கள், அடிமட்டம் 5.5 வோல்ற்றாகும். அந்த வேகம் கூடிப்போய்க் குச்சி தெறிக்கிறதா? திரும்பவும் காந்தத்தின் உயரத்துக்குப் போங்கள்.

சூடு பற்றி: விசிறி 6 வோல்ற்றில் 0.12 அம்பியர் இழுத்தால் ரெகுலேட்டரில் மீதி 6 வோல்ற் வீணாகிறது, முக்கால் வாற் அளவில். தொட்டால் சுடும், சாகாது. சின்ன அலுமினியத் துண்டை முதுகில் பூட்டினால் போதும். நாலு வயர் விசிறி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: நாலாவது வயர் பி.டபிள்யூ.எம். என்கிற, துடிப்புகளால் செய்யும் வேகக் கட்டுப்பாட்டுக்கு, அதை இணைக்காமல் விட்டால் விசிறி முழு வேகத்தில் ஓடும். அதற்கு 25 கிலோஹேர்ட்ஸ் அளவில் துடிப்புக் கொடுக்க வேண்டும். மோட்டாருக்கென்று விற்கும் மலிவுக் கட்டுப்பாட்டுப் பலகையை மூன்று வயர் விசிறியின் மின் வழியில் போட்டால் நுளம்பு மாதிரிக் கீச்சிடும், சென்சருக்கும் அடிக்கடி மின்சாரம் அறுபடும்.

அடப்டரையும் ஒருமுறை மீற்றரால் அளந்து பாருங்கள். பாரமான பழைய டிரான்ஸ்போமர் வகை என்றால் 12 என்று அடித்திருந்தாலும் சுமை இல்லாதபோது 16 க்கும் மேல் காட்டலாம்.

காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நியோடிமியத்துக்கு நிக்கல் பூச்சுத்தான் கவசம். கழற்றும்போது அது ஓரத்தில் பெயர்ந்திருந்தால் அங்கிருந்து சாம்பல் நிறத் தூளாக உதிரத் தொடங்கும். ஒட்டின பிறகு நகப்பூச்சை இரண்டு தரம் தடவிவிட்டால் நீண்ட நாள் நிற்கும். குமிழும் உப்புக்காற்றில் கெடும். திருப்பும்போது வேகம் குதித்துக் குதித்து ஏறினால் உள்ளே அழுக்கு. கொன்டாக்ட் கிளீனர் அடித்துப் பல தடவை திருப்பினால் சிலது பிழைக்கும்.

இனிக் குடுவைக்குள் போவது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் சீனி, அதோடு ஒரு தேக்கரண்டி பைக்கற் ஈஸ்ட். பைக்கற் ஈஸ்ட்டைப் போட்டுக் கொதிக்க வைத்துவிடுகிறோம், அது செத்து மண்டி ஈஸ்ட்டுக்கு உணவாகிறது. வெறும் சீனியில் நைதரசன் இல்லை, அதில் ஈஸ்ட் பெருகாது. குச்சியையும் உள்ளே போட்டே கொதிக்க வைக்கலாம், டெஃப்லானுக்கு ஒன்றும் ஆகாது. முழுக்க ஆறிய பிறகுதான் மண்டி. வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள், இறுக்கி அடைத்தால் காற்றுப் போகாது. ஒரு லீற்றர் குடுவையில் அரை லீற்றருக்கு மேல் விடாதீர்கள். நுரை ஏறித் தாளைத் தள்ளிக்கொண்டு மூடியில் வழிந்து விசிறிக்குள் இறங்கினால் அதைக் கழுவ வழியில்லை.

வெளிநாட்டுக் குறிப்புகளில் சூடேற்றும் பட்டி கட்டச் சொல்வார்கள். கொழும்பில் அறைக்குள்ளேயே 28, 30 பாகை. விசிறிச் சூட்டோடு அதற்கு மேலும் ஓரிரு பாகை ஏறும், ஈஸ்ட்டுக்கு அது உவப்பு. நமக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கம்: மண்டியில் ஈஸ்ட் மட்டும் வருவதில்லை, கள்ளை வினாகிரியாக்கும் பக்ரீறியாவும் கூடவே வரும். அதற்கும் காற்றென்றால் உயிர். கலக்கியை இரண்டு மூன்று நாள் ஓட விட்டால் ஸ்டார்ட்டருக்குப் பதிலாக வினாகிரிதான் கையில் கிடைக்கும். இரவு போட்டு அடுத்த நாள் பின்னேரம் மணந்து பார்க்கிறேன். பாணும் பழமும் கலந்த மணம் என்றால் சரி. மூக்கைக் குத்தினால் சின்க்கில் ஊற்றிவிட்டுப் புது மண்டிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

மணம் சரியென்றால் கலக்கியை நிறுத்திக் குடுவையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைப்பேன். ஈஸ்ட் வெள்ளையாக அடியில் படியும். மேல்தண்ணீரை வடித்துவிட்டுப் படிவை மட்டும் எடுக்க வேண்டும். ஊற்றும்போது குச்சி வழுக்கி மாவுக்குள் விழும். ஹார்ட் டிஸ்க்கில் மிஞ்சின இரண்டாவது காந்தத்துக்கு இதுதான் வேலை. குடுவையின் வெளிப்பக்கம் அதைப் பிடித்தால் குச்சி கண்ணாடியோடு ஒட்டி நிற்கும், ஊற்றி முடியும் வரைக்கும் அசையாது. அரைக் கிலோ அரிசி மாவுக்கு இந்தப் படிவு மூன்று நாலு மேசைக்கரண்டி, கொஞ்சம் சீனி, தேங்காய்ப்பால் கடைசியில். எங்கள் வீட்டு அளவு அவ்வளவுதான், உங்கள் மாவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் விடுமுறையில் வந்தபோது பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, நான் போட்டதில விசிறி மட்டும்தான் மிச்சம் போல" என்றான். இப்போது இரண்டு லீற்றர் குடுவைக்கு மாற வேண்டும் என்று நிற்கிறான், தைப்பொங்கலுக்கு எல்லா வீட்டுக்கும் அப்பம் கொடுக்கலாமாம். அவ்வளவு கரைசலைப் புரட்ட 25 மில்லிமீற்றர் குச்சி காணாது. 40 மில்லிமீற்றர் குச்சி வேண்டும், அதற்கு ஹார்ட் டிஸ்க் காந்தத்தின் அகலம் பற்றாது, வட்டக் காந்தம் இரண்டை வடக்கும் தெற்குமாகத் தள்ளி ஒட்ட வேண்டும். விசிறியும் 120 மில்லிமீற்றராக இருந்தால் நல்லது. அடுத்த முறை புறக்கோட்டைப் பக்கம் போகும்போது குச்சி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதை வாங்குவேன்.